இரண்டு கேமரா, ஒரு பட்ஜெட்: கரைவெட்டிப் பறவைக்கு எந்த லென்ஸ், கங்கைகொண்ட சோழபுரத்துக்கு எந்த லென்ஸ்?

நவம்பர் வாக்கில் சீசன் தொடங்கியதும் அரியலூர் மாவட்டம் கரைவெட்டி ஏரிக்கு வரித்தலை வாத்துகள் வந்து இறங்கும். இமயமலையைத் தாண்டி வரும் இந்தப் பறவைகள், கரையில் கேமராவோடு நிற்பவரிடமிருந்து எவ்வளவு தள்ளி இருக்க முடியுமோ அவ்வளவு தள்ளியே இருக்கும். அதே மாவட்டத்தின் இன்னொரு பக்கம் கங்கைகொண்ட சோழபுரம். 11-ம் நூற்றாண்டில் முதலாம் ராஜேந்திர சோழன் எழுப்பிய, சுமார் 55 மீட்டர் உயர விமானம். அங்கே பிரச்சினை தலைகீழ். பின்னால் போய்க்கொண்டே இருந்தாலும் ஃப்ரேமுக்குள் அடங்காது.

முதலில் ஒரு க்ராப் சென்சார் கேமரா. பிறகு கல்யாண ஆர்டரிலோ மாதச் சம்பளத்திலோ பணம் சேர்த்து, மீதிக்கு இஎம்ஐ போட்டு, ஒரு ஃபுல் ஃப்ரேம். பழையதை விற்க மனசு வராது; விற்றாலும் பெரிய விலை கிடைக்காது. ஆக, பையில் இரண்டு பாடி. அடுத்த லென்ஸ் வாங்கப் போகும்போதுதான் கேள்வி எழும்: இது எந்த கேமராவுக்கு? இரண்டுக்கும் பொதுவாக ஒன்று வாங்கிவிட்டால் மிச்சம்தானே?

தூரத்தில் இருப்பதை எடுக்கும் லென்ஸ் என்றால், மிச்சம்தான். அகலமான காட்சியை எடுக்கும் லென்ஸ் என்றால், பொதுவாக வாங்கும் ஒன்றே நஷ்டமாக முடியலாம். காரணம் சென்சாரின் அளவில் இருக்கிறது.

லென்ஸ் மாறுவதில்லை, வெட்டுதான் மாறுகிறது

ஃபுல் ஃப்ரேம் சென்சார் என்பது பழைய 35 மி.மீ. ஃபிலிம் ஃப்ரேமின் அளவு: 36க்கு 24 மி.மீ. க்ராப் சென்சார் அதைவிடச் சின்னது. நிக்கான், சோனி கேமராக்களில் தோராயமாக 23.5க்கு 15.6 மி.மீ.; கேனானில் இன்னும் கொஞ்சம் குறைவாக, 22.3க்கு 14.9 மி.மீ. அதனால்தான் முதல் இரண்டுக்கும் 1.5 மடங்கு என்றும், கேனானுக்கு 1.6 மடங்கு என்றும் சொல்கிறார்கள்.

இந்த ‘மடங்கு’ என்ற சொல்தான் பலரைக் குழப்பிவிடுகிறது. 50 மி.மீ. லென்ஸை க்ராப் கேமராவில் போட்டால் அது 75 மி.மீ. ஆகிவிடாது. லென்ஸ் அதே லென்ஸ்தான், அது உள்ளே விழச் செய்யும் பிம்பமும் அதே அளவுதான். அந்தப் பிம்பத்தின் நடுப்பகுதியை மட்டும் சின்ன சென்சார் எடுத்துக்கொள்கிறது. ஓரங்கள் வெட்டப்படுவதால், ஃபுல் ஃப்ரேமில் 75 மி.மீ. லென்ஸ் போட்டால் தெரியும் அளவுக்குக் காட்சி குறுகிவிடுகிறது. பெரிய போஸ்டரின் மேல் சின்ன ஜன்னலை வைத்துப் பார்ப்பது மாதிரி. போஸ்டர் பெரிதாகவில்லை.

க்ராப் லென்ஸின் அட்டையிலும் மி.மீ. எண் எப்போதும் உண்மையான எண்தான். 18-55 கிட் லென்ஸ் என்றால் அது நிஜமாகவே 18-55 தான். ‘க்ராப் லென்ஸ் என்பதால் கணக்குப் போட்டுத்தான் அட்டையில் போட்டிருப்பார்கள்’ என்று நினைத்து வாங்குவது வழக்கமான தவறு. க்ராப் பாடியில் எந்த லென்ஸைப் போட்டாலும், அது எதற்காகச் செய்ததாக இருந்தாலும், காட்சியின் அகலத்தை ஃபுல் ஃப்ரேமோடு ஒப்பிட 1.5 ஆலோ 1.6 ஆலோ பெருக்கித்தான் ஆக வேண்டும்.

கரைவெட்டியில் ஒரு கணக்கு

வரித்தலை வாத்து சுமார் 75 செ.மீ. நீளம். கரையிலிருந்து 60 மீட்டர் தூரத்தில் பக்கவாட்டாக நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். 400 மி.மீ. லென்ஸில் பார்த்தால் சென்சார் மேல் விழும் வாத்தின் நீளம் 5 மி.மீ. க்ராப் கேமராவிலும் 5, ஃபுல் ஃப்ரேமிலும் 5.

வித்தியாசம் அந்த 5 மில்லிமீட்டருக்குள் எத்தனை பிக்ஸல் இருக்கிறது என்பதில். 24 மெகாபிக்ஸல் ஃபுல் ஃப்ரேமில் வாத்தின் நீளத்துக்குச் சுமார் 830 பிக்ஸல் கிடைக்கும். அதே 24 மெகாபிக்ஸல் க்ராப் கேமராவில் சுமார் 1,280. சின்ன இடத்தில் அதே எண்ணிக்கையை நெருக்கி வைத்திருப்பதால் இந்த லாபம். 32.5 மெகாபிக்ஸல் க்ராப் சென்சார் கொண்ட கேனான் ஆர்7 என்றால் 1,560-ஐத் தொடும். கழுத்துக் கோடுகளும் இறகின் விளிம்பும் தெரியுமா, மங்கலாகப் போகுமா என்பதைத் தீர்மானிப்பது இந்த எண்கள்தான்.

எல்லா ஃபுல் ஃப்ரேமும் இதில் தோற்றுவிடும் என்று அர்த்தமில்லை. 45 மெகாபிக்ஸல் வகை, உதாரணமாக நிக்கான் டி850, அதே வாத்துக்கு 1,150 பிக்ஸல் கொடுக்கும். 24 மெகாபிக்ஸல் க்ராப்புக்கும் அதற்கும் பெரிய இடைவெளி இல்லை. உங்கள் ஃபுல் ஃப்ரேம் அந்த ரகம் என்றால், பறவைக்காக மட்டும் பழைய க்ராப் பாடியைக் காப்பாற்றி வைக்க வேண்டிய அவசியம் குறைவு.

‘இருட்டில் ஃபுல் ஃப்ரேம்தானே நல்லது? விடியற்காலை ஐஎஸ்ஓ ஏறுமே?’ என்று கேட்கலாம். பறவை ஃப்ரேமை நிறைத்து நின்றால் பெரிய சென்சாருக்குச் சுமார் இரண்டேகால் மடங்கு அதிக வெளிச்சம் கிடைக்கும், நாய்ஸ் குறையும். ஆனால் கரைவெட்டியில் பறவை ஃப்ரேமை நிறைப்பது அபூர்வம். எப்படியும் படத்தை வெட்டித்தான் பயன்படுத்தப் போகிறீர்கள். ஒரே லென்ஸ், ஒரே தூரம் என்றால் வாத்தின் மேலிருந்து இரண்டு சென்சாருக்கும் வரும் வெளிச்சம் ஒன்றுதான். ஃபுல் ஃப்ரேமில் கூடுதலாகப் பதிவானது சுற்றியிருந்த தண்ணீர். அதைத்தான் வெட்டிப் போடுகிறீர்கள். அந்த ‘லோ லைட்’ லாபமும் அதோடு போய்விடும்.

எனவே தூரத்துக்கான லென்ஸை ஃபுல் ஃப்ரேம் லென்ஸாகவே வாங்குவது நல்லது. 100-400, 150-600, 200-600 ரகங்கள் பெரும்பாலும் ஃபுல் ஃப்ரேமுக்காகத்தான் தயாராகின்றன. க்ராப் பாடியில் போட்டால் 400 மி.மீ. லென்ஸ் 600 மி.மீ. காட்சியைத் தரும்; நாளைக்கு க்ராப் பாடியை விற்றாலும் லென்ஸ் வீணாகாது. ஓரத்தில் கொஞ்சம் மங்கல் இருக்கும் லென்ஸ் என்றால்கூட க்ராப் சென்சார் அந்த ஓரத்தை எடுப்பதே இல்லை. நடுப்பகுதியே சுமாரான மலிவு லென்ஸ் என்றால் மட்டும் கதை வேறு. நெருக்கமான பிக்ஸல் அந்தக் குறையை இன்னும் பெரிதாக்கிக் காட்டும்.

கூடவே ஒரு உள்ளூர் விஷயம். வெயில் ஏறியதும் ஏரிப் பரப்பில் கானல் ஆடத் தொடங்கும். அப்போது எவ்வளவு விலையுள்ள டெலி லென்ஸும் வேலைக்கு ஆகாது. காலை 8 மணிக்குள் முடித்துக்கொள்வது புது லென்ஸ் வாங்குவதைவிட லாபம். 454 ஹெக்டேர் பரப்புள்ள இந்த ஏரிக்கு 2024-ல் ராம்சர் அங்கீகாரம் கிடைத்திருக்கிறது. லென்ஸ் எட்டவில்லை என்று பறவையை நெருங்கிப் போய்க் கிளப்பிவிடுவது மோசமான பழக்கம்.

கோயிலில் நிலைமை தலைகீழ்

இனி 55 மீட்டர் விமானம். கேமராவை நிமிர்த்திச் சாய்த்தால் கோபுரம் பின்னால் விழுவது போலத் தெரியும். அது வேண்டாம், கோடுகள் நேராக இருக்க வேண்டும் என்றால் கேமராவைத் தரைக்கு இணையாக, செங்குத்து ஃப்ரேமில் பிடிக்க வேண்டும். அப்படிப் பிடித்தால், ஃபுல் ஃப்ரேமில் 24 மி.மீ. லென்ஸுக்குச் சுமார் 70 மீட்டர் பின்னால் நின்றாலே கலசம் வரை வந்துவிடும். புல்வெளியின் மூலைக்குப் போனால் ஓரளவு சமாளிக்கலாம். அதே லென்ஸை க்ராப் கேமராவில் போட்டால் 110 மீட்டர் போக வேண்டும். பக்கவாட்டில் அவ்வளவு தூரம் கிடையாது, அதற்குள் மதில் வந்து முதுகில் இடிக்கும்.

ஆக, டெலியில் வரமாக இருந்த அதே வெட்டு இங்கே சாபம். ‘இரண்டுக்கும் பொது’ என்று நினைத்து ஃபுல் ஃப்ரேமுக்கான 16-35 வாங்கி க்ராப்பில் போட்டால் கிடைப்பது 24-52 காட்சி. கிட்டத்தட்ட பழைய 18-55 தரும் அதே அகலம்தான், அதுவும் பல மடங்கு விலையில், பல மடங்கு எடையில். க்ராப்பில் நிஜமான வைடு வேண்டும் என்றால் அதற்கென்றே செய்த 10-18, 10-20 போன்ற லென்ஸ்கள் இருக்கின்றன. சின்னவை, லேசானவை, விலையும் கையைக் கடிக்காது.

ஆனால் கையில் ஃபுல் ஃப்ரேமும் இருக்கும்போது, க்ராப்புக்கு எதற்குத் தனி வைடு லென்ஸ்? அந்த வேலையை ஃபுல் ஃப்ரேமிடம் மொத்தமாக விட்டுவிடலாம். இரண்டு பாடிக்கும் இரண்டு வைடு வாங்குவதுதான் இருப்பதிலேயே வீண் செலவு. விதிவிலக்கு ஒன்று உண்டு. க்ராப் பாடியை வீடியோவுக்கோ பயணத்துக்கோ தனியாக எடுத்துப் போகிறவர் என்றால், அந்தச் சின்ன 10-18 நியாயமான செலவு.

வடக்கு வாசல் பக்கம் இருக்கும் சண்டேச அனுக்கிரக மூர்த்தி சிற்பத்துக்கு வைடு தேவையில்லை. அங்கே 50 அல்லது 85 மி.மீ. போதும், எந்த பாடியில் போட்டாலும் அழகாக வரும். தொல்லியல் துறை பராமரிக்கும் இடம் என்பதால் ட்ரைபாடுக்கு அனுமதி வேண்டும். எனவே நிழல் விழுந்த மண்டபப் பகுதிகளில் கையிலேயே பிடித்து எடுக்க, ஃபுல் ஃப்ரேமில் 35 மி.மீ. எஃப் 1.8 மாதிரி ஒரு பிரைம் லென்ஸ் உதவும். இங்கே ஃப்ரேம் முழுக்கப் பயன்படுவதால் பெரிய சென்சாரின் லாபமும் முழுசாகக் கிடைக்கும்.

எஃப் 2.8 என்றால் இரண்டிலும் எஃப் 2.8 தானா?

எக்ஸ்போஷருக்கு ஆமாம். ஒரே ஐஎஸ்ஓ, ஒரே ஷட்டர் வேகம் என்றால் இரண்டிலும் படம் ஒரே பிரகாசத்தில்தான் வரும். மாறுவது பின்னணி மங்கல். ஃபுல் ஃப்ரேமில் 50 மி.மீ. எஃப் 1.8 போட்டு எடுத்த அதே காட்சியை, அதே இடத்தில் நின்று க்ராப்பில் 35 மி.மீ. எஃப் 1.8 போட்டு எடுத்தால், மங்கல் குறைந்திருக்கும். ஃபுல் ஃப்ரேமில் சுமார் எஃப் 2.7 வைத்தது போல. ‘போக்கே’ வேண்டி எடுக்கும் போர்ட்ரெய்ட்டை ஃபுல் ஃப்ரேமுக்கு ஒதுக்குவது இதனால்தான்.

கல்யாண மண்டபத்தில் எது எந்தத் தோளில்?

இரண்டு பாடி வைத்திருப்பவர்களுக்கு நிஜமான பரீட்சை மண்டபத்தில்தான். பொதுவான ஏற்பாடு: ஃபுல் ஃப்ரேமில் 24-70, க்ராப்பில் 70-200. க்ராப்பில் அந்த 70-200 ஏறத்தாழ 105-300 காட்சி தரும். தாலி கட்டும் நேரத்தில் வீடியோக்காரர்களும் செல்போன்களும் மேடையை மறைத்து நிற்கும்போது, ஓரத்தில் ஒரு இடைவெளி பார்த்து முகபாவத்தை எடுக்க இது வசதி.

இதையே மாற்றிப் போட்டுப் பாருங்கள். க்ராப்பில் 24-70 என்றால் காட்சி 36-லிருந்துதான் தொடங்கும். சொந்தக்காரர்கள் 30 பேர் மேடை ஏறும் குரூப் போட்டோவில் ஓரத்தில் நிற்கும் சித்தப்பா ஃப்ரேமுக்கு வெளியே போவார். அவர் சும்மா விடமாட்டார்.

சின்ன ஊர் மண்டபங்களில் 70-200 க்ராப்பில் நீளமாகவும் போய்விடலாம், பின்னால் நகர இடம் இருக்காது. அங்கே விலை குறைந்த 50 மி.மீ. எஃப் 1.8 ஒன்று போதும். ஃபுல் ஃப்ரேமில் அது சாதாரணக் காட்சி, க்ராப்பில் 75-80 மி.மீ. போர்ட்ரெய்ட் லென்ஸ். ஒரே லென்ஸ் இரண்டு வேலை செய்வதற்கு இதைவிட மலிவான உதாரணம் கிடையாது. இரண்டு பாடியிலும் ஒயிட் பேலன்ஸை ஒரே எண்ணில் வைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் ஆல்பம் டிசைன் செய்யும்போது ஒரே புடவை இரண்டு நிறத்தில் வந்து நிற்கும்.

க்ராப் லென்ஸை ஃபுல் ஃப்ரேமில் போட்டால்?

க்ராப் லென்ஸ் உருவாக்கும் பிம்ப வட்டம் சின்னது. பெரிய சென்சாரின் மூலைகளை அது எட்டாது, படத்தின் நான்கு ஓரமும் கறுப்படிக்கும். இதைத் தவிர்க்கத்தான் நிக்கான், சோனி ஃபுல் ஃப்ரேம் கேமராக்களும் கேனான் ஆர் வரிசையும், க்ராப் லென்ஸ் மாட்டியதும் சென்சாரின் நடுப்பகுதியை மட்டும் பயன்படுத்தும் மோடுக்குப் போகின்றன.

இதற்கான விலை மெகாபிக்ஸலில் போகும். 24 மெகாபிக்ஸல் ஃபுல் ஃப்ரேம் சுமார் 10 ஆகச் சுருங்கும். 45 மெகாபிக்ஸல் நிக்கானில் 19 மிஞ்சும், கேனானில் 17. இன்ஸ்டாகிராமுக்கு 10 தாராளம். ஏ4 அளவு பிரின்ட்டும் சுத்தமாக வரும். ஆனால் 12க்கு 36 அங்குல கல்யாண ஆல்பத்தின் ஒரு பக்கத்தை, அதாவது 12க்கு 18-ஐ, ஒரே படத்தால் நிரப்ப அங்குலத்துக்கு 300 பிக்ஸல் கணக்கில் 19 மெகாபிக்ஸல் தேவை. பழைய கிட் லென்ஸைப் புது பாடியில் போட்டுக் கல்யாணத்துக்குப் போவது எங்கே இடிக்கும் என்பது இங்கே தெரிந்துவிடும்.

வீடியோவில் இந்தக் கண்டிப்பு இல்லை. 4கே வீடியோவின் ஒரு ஃப்ரேமுக்கு 8.3 மெகாபிக்ஸல்தான் வேண்டும். 24 அல்லது 33 மெகாபிக்ஸல் சோனி வைத்திருப்பவர், பழைய க்ராப் லென்ஸ்களை வீடியோவுக்கென்று ஒதுக்கிக்கொள்ளலாம், விற்கத் தேவையில்லை.

பலர் சறுக்கும் இடம்: மவுன்ட்

மேலே சொன்ன கணக்கெல்லாம் லென்ஸ் இரண்டு பாடியிலும் மாட்டும் என்றால்தான். சோனி ஈ மவுன்ட் மிரர்லெஸ் இரண்டு வைத்திருப்பவருக்குக் கவலை இல்லை, எதுவும் எதிலும் மாட்டும். ‘எஃப்ஈ’ என்று இருந்தால் ஃபுல் ஃப்ரேம், வெறும் ‘ஈ’ என்றால் க்ராப்.

பழைய டிஎஸ்எல்ஆர் ஒன்று, புது மிரர்லெஸ் ஒன்று என்று இருப்பவர்கள்தான் உஷாராக இருக்க வேண்டும். கேனானில் ‘ஆர்எஃப்’ லென்ஸ் டிஎஸ்எல்ஆரில் எந்த அடாப்டர் வைத்தாலும் சரியாக வேலை செய்யாது. ஆனால் பழைய ‘ஈஎஃப்’ லென்ஸ், டிஎஸ்எல்ஆரில் நேராகவும் மிரர்லெஸ்ஸில் அடாப்டர் வழியாகவும் ஆட்டோஃபோகஸோடு ஓடும். பழைய க்ராப் டிஎஸ்எல்ஆரை இன்னும் மூன்று, நான்கு வருடம் ஓட்டப் போகிறீர்கள் என்றால், செகண்ட் ஹேண்டில் நல்ல ஈஎஃப் லென்ஸ் வாங்குவதுதான் புத்திசாலித்தனம். ஃபுல் ஃப்ரேமும் டிஎஸ்எல்ஆர்தான் என்றால், கேனானின் ‘ஈஎஃப்-எஸ்’ க்ராப் லென்ஸ் அதில் மாட்டவே மாட்டாது. பின்பக்கம் நீட்டிக்கொண்டு வருவதால் உள்ளே இருக்கும் கண்ணாடியில் இடிக்கும். வலுக்கட்டாயமாகத் திருப்பிப் பார்க்க வேண்டாம்.

நிக்கானில் எஃப்டிஇசட் அடாப்டர் இருக்கிறது. ஆனால் 50 மி.மீ. எஃப் 1.8டி போன்ற பழைய ‘ஏஎஃப்-டி’ லென்ஸ்கள் அதில் ஆட்டோஃபோகஸ் செய்யாது. லென்ஸுக்குள் மோட்டார் கிடையாது, அடாப்டரிலும் கிடையாது. டி3000, டி5000 வரிசை க்ராப் பாடிகளிலும் இதே நிலைதான். விலை குறைவு என்று இந்த லென்ஸை வாங்குபவர், கடைசியில் கையால் ஃபோகஸ் திருகிக்கொண்டிருப்பார்.

வேறு கம்பெனி லென்ஸ்களில் எழுத்தைப் பாருங்கள். நிக்கானில் க்ராப்புக்கு ‘டிஎக்ஸ்’. சிக்மாவில் ‘டிசி’ என்றால் க்ராப், ‘டிஜி’ என்றால் ஃபுல் ஃப்ரேம். இந்த இரண்டு எழுத்தைக் கவனிக்காமல் ஆன்லைனில் ‘ஆஃபர்’ பார்த்து ஆர்டர் போடுவதில்தான் பணம் போகிறது.

கடலடி அரியலூருக்கு ஒரு மேக்ரோ

கோடிக்கணக்கான வருடங்களுக்கு முன் கடலுக்குள் இருந்த மண் இது. வாரணவாசி புதைபடிம அருங்காட்சியகத்தில் உள்ள அம்மோனைட் போன்றவற்றின் நுணுக்கத்தை எடுக்க மேக்ரோ லென்ஸ் வேண்டும். இங்கேயும் க்ராப்புக்கே சாதகம். ஒன்றுக்கு ஒன்று அளவில் எடுக்கும் மேக்ரோ, ஃபுல் ஃப்ரேமில் 36 மி.மீ. அகலப் பொருளை ஃப்ரேம் முழுக்கக் காட்டும் என்றால், க்ராப்பில் 24 மி.மீ.க்கும் குறைவான பொருளே ஃப்ரேமை நிறைத்துவிடும். மாறாக, பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் கிடக்கும் 18 மீட்டர் நீளக் கல்மரத்தை முழுசாக எடுக்கப் போனால், மறுபடி ஃபுல் ஃப்ரேமும் வைடும்தான்.

அப்போ, என்ன வாங்கலாம்?

கையில் கிட் லென்ஸைத் தவிர வேறு எதுவும் இல்லாதவர் முதலில் அந்த 50 மி.மீ. எஃப் 1.8-ஐ வாங்கலாம், ஃபுல் ஃப்ரேம் வகையாக. அடுத்து பறவையா, கல்யாணமா என்பதைப் பொறுத்து ஒரு ஃபுல் ஃப்ரேம் டெலி. வைடு கடைசியில், அதுவும் ஃபுல் ஃப்ரேம் பாடிக்கு மட்டும். இந்த மூன்றோடு நிறுத்தினாலே, இரண்டு பாடியிலும் மாற்றி மாற்றிப் போட்டு ஐந்து விதமான காட்சி கிடைத்துவிடும்.

பணம் கட்டும் முன், பழைய படங்களை லேப்டாப்பில் திறந்து எந்த மி.மீ.யில் அதிகம் எடுத்திருக்கிறீர்கள் என்று ஃபைல் விவரத்தில் பாருங்கள். வைடு வாங்கத் துடிப்பவரின் படங்களில் பாதி 55-ல் முட்டிக்கொண்டு நிற்பது சகஜம். அவருக்குத் தேவை டெலி. சந்தேகம் இருந்தால் ஒரு நாள் வாடகைக்கு எடுத்துப் பார்த்துவிடலாம்.

செகண்ட் ஹேண்ட் என்றால் இரண்டு பாடியையும் கடைக்கு எடுத்துப் போங்கள். லென்ஸை இரண்டிலும் மாட்டி, அபர்ச்சரை முழுக்கத் திறந்து, பத்தடி தள்ளி இருக்கும் எழுத்து ஏதாவது ஒன்றில் ஃபோகஸ் வைத்து எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். டிஎஸ்எல்ஆரில் ஃபோகஸ் கொஞ்சம் முன்னே பின்னே விழும் லென்ஸ், மிரர்லெஸ்ஸில் சரியாக இருக்கலாம். பிறகு லென்ஸைக் கழற்றி, பின்பக்கத்திலிருந்து செல்போன் டார்ச் அடியுங்கள். உள்ளே சிலந்தி வலை மாதிரி மெல்லிய இழைகள் தெரிந்தால் அது பூஞ்சை. பாதி விலைக்குத் தருகிறேன் என்றாலும் வேண்டாம்.